தோல் உறையுடன் சேர்த்து

பெரியப்பா மகன் நாசரேத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. துக்கத்துக்கு வந்துபோன பிறகு தூத்துக்குடியில் எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் ஆராதனை முடிந்து திரும்பிய நேரம் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கொடுத்த காபியைக் குடித்தார். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பூச்சு வேலை முடியாத ஒரு சுவர். நடுவில் கண்ணாடி அலமாரிக்காக விட்டிருந்த நீளமான குழி.

“ஹால்ல நுழைஞ்ச உடனே இதுதான் கண்ணுல படும். உள்ள லைட்டு வருது. தாத்தாவோட பட்டாளத்துக் கத்தியை இதுலதான் வைக்கப் போறேன். இங்கனதானே கிடக்கு?”

“கிடக்கல அண்ணே. பத்திரமா இருக்கு,” என்றேன்.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டிக்கொண்டு எதிரே வருகிறவனைக் குத்துவதற்காகச் செய்தது. பயனெட் என்று அதற்குப் பெயர் என்பதே பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அது பட்டாளத்துக் கத்தி. அலகு மட்டும் பதினேழு அங்குலம். பிடியின் இரு பக்கமும் மரத்தகடு, அதில் இரண்டு திருகாணி. பிடியை ஒட்டி, அலகின் மேல் ஒரு கிரீடமும் அதன் கீழே ஆங்கில எழுத்துகளும் சில எண்களும் பொறித்திருக்கும். உறை கறுப்புத் தோல். உறையின் வாயிலும் நுனியிலும் இரும்புப் பூண்.

அப்பாவின் அப்பா முதல் உலகப் போரின்போது கப்பலேறி, இன்றைய ஈராக்கான மெசபடோமியா வரை போய் வந்தவர். பெரியப்பா வீட்டில் சொல்லும் கதையில் அவர் எதிரிகளை வரிசையாகக் குத்திச் சாய்த்த வீரர். என் அப்பா சொன்னது வேறு. தாத்தா பட்டாளத்தில் கோவேறு கழுதைகளுக்குத் தீனி வைத்துத் தண்ணீர் காட்டியவர். கழுதை பார்த்தவருக்கு இந்தக் கத்தி எப்படிக் கிடைத்தது என்று ஒருமுறை கேட்டேன். “யாருக்குத் தெரியும்? கீழ கிடந்ததை எடுத்திருப்பாவ. இல்லன்னா களவாண்டிருப்பாவ,” என்று அப்பா சிரித்தார். தாத்தா கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். அவர் போன பிறகு கத்தியும் எங்களோடு இருந்துவிட்டது.

“வீட்டுப் பிரதிஷ்டைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்பவே எடுத்துட்டுப் போயிருதேன்,” என்றார் அண்ணன்.

“தர மாட்டேன்.”

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“ஏளா, அது ஆம்பள வாரிசுக்குச் சேர வேண்டியது. நீ தனியா இருக்கிற பொம்பள. பட்டாளத்துக் கத்தியை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? ஒனக்குப் பிறகு அது யாருக்கு?”

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐம்பத்து நாலு வயது. இந்தக் கேள்வியை வீடு, நகை, குக்கர் என எல்லாவற்றையும் பற்றி என்னிடம் கேட்டாயிற்று.

“எனக்குப் பிறகு யாருக்குன்னு எனக்குப் பிறகு பாத்துக்கலாம்,” என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். நான் கொடுக்க மறுத்ததற்குக் காரணம் தாத்தாவுமல்ல, கத்தியுமல்ல. அதன் உறை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா இறந்தார். பழைய துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலை அவருக்கு. காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியப்பா நாசரேத்திலிருந்து ஆள் அனுப்பி அம்மாவுக்குச் சொன்னார்: சனிக்கிழமை வருவோம், சாமான்களைக் கட்டி வை, நீயும் பிள்ளையும் உன் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் உங்களுக்கு என்ன இருக்கிறது. அந்த வீடு அப்பா சொந்தமாக வாங்கியது. பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அது பெரியப்பாவுக்கும் தெரியும். பத்திரத்தைக் கண்ணில் காட்டினால் அது அவர் கைக்குப் போய்விடும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அம்மா எதிர்த்தாற்போலிருந்த, உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குப் போய், மூட்டை தைக்கிற கோணி ஊசி ஒன்றும் சணல் நூலும் வாங்கி வந்தாள். மெழுகுவர்த்தியில் நூலைத் தேய்த்தாள். பரணிலிருந்து கத்தியை எடுத்து உறையிலிருந்து உருவினாள். உறையின் முதுகுப்பக்கத் தையல் பல வருடமாகவே விட்டுப்போய், வாய் பிளந்திருந்தது. கதவை விரியத் திறந்து, வாசலுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கத்தியை நிலையில் சாய்த்து வைத்தாள். உறையை மடியில் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

பெரியப்பா இரண்டு ஆட்களோடு வந்தார். படியில் கால் வைத்தவர் வெயிலில் மின்னிய அலகைப் பார்த்து நின்றார்.

“என்னளா, கத்தியைக் காட்டி மிரட்டுதியா?”

“மிரட்டலயே அத்தான். உறை பிரிஞ்சு கிடக்கு, தைக்கேன். உறையைத் தைக்கணும்னா கத்தியை வெளிய எடுக்கத்தானே வேணும்?”

“எப்ப முடிப்ப?”

“நீங்க போற வரைக்கும் தைப்பேன்.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நின்று பார்த்தார்கள். கூட வந்த ஆட்களில் ஒருவர், “அண்ணாச்சி, இன்னொரு நாள் பாப்போம்,” என்று பெரியப்பாவின் கையைத் தொட்டார். அவர் பத்து நிமிடம் ஏதேதோ கத்தினார். பிறகு போனார். இன்னொரு நாள் வரவேயில்லை.

அவர் தெரு முனையைத் தாண்டிய பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. முழுவதையும் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் எழுந்தாள். இடது உள்ளங்கையில் ஊசி இரண்டு இடத்தில் ஏறி ரத்தம் காய்ந்திருந்தது. அம்மாவுக்குத் தையல் வராது. என் பாவாடைக்குக் கரை மடித்தால்கூடக் கோணும். முப்பத்தொரு தையல், ஒன்றுகூட நேராக இல்லை. ஆனால் இன்றுவரை ஒன்றுகூட விட்டுப்போகவுமில்லை.

அண்ணன் வந்துபோன பத்தாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“ஒங்க வீட்டுல ஆயுதம் இருக்குன்னு மனு வந்திருக்கும்மா. ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து குடுத்துருங்க.”

யார் கொடுத்த மனு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலைக்குள் சொந்தக்காரர்கள் ஆறு பேர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனு கொடுத்தவர்தான் அவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டேஷன் படி ஏறாதே என்றார்கள். அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு என்றார்கள். அம்மாவின் தங்கை அழுதே விட்டாள்.

“ஏளா, பழைய துறைமுகத்துப் பக்கம் போயி கடல்ல போட்டுட்டு வந்துரு. கேட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லிருவோம்.”

“இருக்குறதை எதுக்குச் சித்தி இல்லன்னு சொல்லணும்?” என்றேன்.

பயம் இல்லாமல் இல்லை. எங்கள் மாவட்டத்தில் போலீஸ் ஸ்டேஷன் என்றால் பயப்படுவதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் முப்பது வருடமாகச் சரக்கு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காகிதம் சரியாக இல்லையென்றால் துறைமுக வாசலில் ஒரு கண்டெய்னர் ஓர் அங்குலம் நகராது. காகிதம் சரியாக இருந்தால் அதை யாரும் நிறுத்தி வைக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதினேன். அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் தயாரிப்பதுபோலவே எழுதினேன். துப்பாக்கிக் கத்தி ஒன்று. அலகின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பிடியை ஒட்டி அலகில் இன்ன குறி, இன்ன எண்கள். கறுப்புத் தோல் உறை ஒன்று, இருமுனையிலும் இரும்புப் பூண், பின்புறம் சணல் நூலால் கையால் தைத்த முப்பத்தொரு தையல். கடைசியில், ‘மேற்கண்ட பொருள்களை ஒப்படைத்தவரிடம் மட்டுமே திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி. கத்தியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் எனக்கும் மூத்தவர். விரிப்பைப் பிரித்துப் பார்த்தார். “ஓரமா வச்சுட்டுப் போங்கம்மா,” என்றார்.

“ஒப்புகை வேணும் சார்.” இரண்டு தாளையும் நீட்டினேன்.

அவர் வாசித்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. “தையலை வேற எண்ணி எழுதிருக்கிய. இதெல்லாம் இங்க குடுக்குறதில்லம்மா. ஐயா வந்து பாப்பாரு. நீங்க கிளம்புங்க.”

“ஐயா வரட்டும். நான் இருக்கேன்.”

“எப்ப வருவாருன்னு தெரியாது.”

“பரவால்ல.”

விரிப்பை மறுபடி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது காலை பத்தரை. ரைட்டர் இரண்டு முறை வந்து கத்தியைக் கேட்டார். தாளில் கையெழுத்துப் போட்டால் தருகிறேன் என்றேன். மூன்றாவது முறை சற்று அதட்டினார்.

“போலீஸ் கேட்டு ஆயுதத்தைக் குடுக்க மாட்டேங்கிய. அதுவே ஒரு கேசு, தெரியும்லா?”

விரிப்பை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். “எழுதிக்குங்க சார். நானா கொண்டு வந்தேன், ரசீது கேட்டு உக்காந்திருக்கேன்னு அதுலயே எழுதுங்க,” என்றேன். அவர் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு பெண் காவலர் டீ கொண்டுவந்து கொடுத்தார். என் மகள் வயது இருக்கும், மகள் இருந்திருந்தால். “என்னக்கா அது?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், “சாப்பிட்டியளா?” என்றார். சாப்பிடவில்லை என்றேன். தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு, கத்தியை உறையிலிருந்து உருவி, காற்றில் இரண்டு வீச்சு வீசிப் பார்த்தார். அழகான சாமான் என்றார். இது யாருடையது, எப்படி வந்தது என்று கேட்டார். தாத்தா கழுதை பார்த்ததிலிருந்து, களவாண்டிருக்கலாம் என்று அப்பா சொன்னது வரை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். தலையிலடித்துக்கொள்ளாத குறையாக ரைட்டரைக் கூப்பிட்டு, “சீல் போட்டுக் குடுத்து அனுப்புய்யா,” என்றார்.

வெளியே வந்தபோது என் கையில் முத்திரை போட்ட தாள் இருந்தது. ஆட்டோ ஏற மனமில்லாமல் வீடுவரை நடந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டேன். விசாரணை நடக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் போனேன். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். அதற்கடுத்த வாரம் ரைட்டர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“அது முடிஞ்சுபோச்சேம்மா. ஒங்க அண்ணன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு.”

பையிலிருந்து தாளை எடுத்து அவர் மேசையில் விரித்து, கடைசி வரியின் மேல் விரலை வைத்தேன். அவர் வாசித்துவிட்டு உள்ளே எழுந்து போனார். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

“குடும்பத்துக்குள்ள உள்ள விஷயம்தானேம்மா? ஒங்க தாத்தா கத்தி, ஒங்க அண்ணன் வாங்கிட்டுப் போறாரு. எங்களுக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு. ஒரு துருப்பிடிச்ச கத்திக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?”

“துரு இல்ல சார். மாசா மாசம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கேன்.”

“சரி, இப்ப என்ன செய்யணும்ங்கிய?”

“நான் குடுத்ததை என்கிட்ட திருப்பிக் குடுக்கணும். இல்லன்னா, எனக்குக் குடுக்க வேண்டியதை வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்னு இதே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நான் மேல கொண்டு போறேன்.”

அவருக்குக் கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை, அலுப்புதான் வந்தது. கைப்பேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். “சார், அந்தப் பொருளைக் கொண்டு வந்துருங்க. இந்தம்மா விட மாட்டாங்க,” என்றார்.

இரண்டு நாளில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். ரைட்டர் மேசைமேல் நீளமாக ஒரு பெட்டி. திறந்தால் சிவப்பு வெல்வெட் துணி. அதன்மேல் கத்தி. அண்ணன் அதற்கு ஏதோ பாலீஷ் போட்டிருந்தார், முகம் தெரிந்தது.

“உறை எங்க சார்?”

“எந்த உறை?”

தாளை வாசித்துக் காட்டினேன். முப்பத்தொரு தையல் என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

“அது பழைய தோலு, பிஞ்சு கிடந்துச்சாம். தூக்கிப் போட்டுட்டாராம். இந்தப் பெட்டி எவ்வளவு நல்லா இருக்கு. கத்திதானம்மா முக்கியம்.”

அதுவரை நான் அந்த ஸ்டேஷனில் அழுததில்லை. அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கான தாளில், ‘கத்தி பெறப்பட்டது, தோல் உறை பெறப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வெல்வெட் பெட்டி எங்கள் வீட்டுடையதில்லை என்று மேசையிலேயே விட்டுவிட்டு, கத்தியை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் வீட்டுப் பிரதிஷ்டை. அழைப்பிதழில் உற்றார் உறவினர் அனைவரும் வருக என்று அச்சடித்திருந்தது. எனக்குத் தனியாக வரவில்லை. சித்திக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டேன். உறவினர் அனைவரிலும் நானும் உண்டு. காலையிலேயே நாசரேத் பஸ்ஸைப் பிடித்தேன். ஆற்றுப் பாசன ஊர்களைத் தாண்டும்போது நடவு நடந்துகொண்டிருந்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தங்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஹாலின் பின்வரிசையில் நின்று, கீர்த்தனை பாடும்போது நானும் பாடினேன். சுவரில் கண்ணாடி அலமாரி இருந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள். ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் பந்தலுக்குக் கலைந்ததும் அண்ணனிடம் போனேன்.

“உறையை எங்கன போட்டிய அண்ணே?”

அவர் முகம் சிவந்தது. “இன்னைக்குத்தான் ஒனக்கு நேரம் கிடைச்சுதா? கட்டடக் குப்பையோட போச்சு. போ, போயி சாப்பிடு.”

“குப்பை எங்கன கிடக்கு?”

அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மதில் ஓரம் உடைந்த செங்கல், சிமெண்ட் சாக்கு, பலகைத் துண்டுகள் எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து கிளற ஆரம்பித்தேன். பந்தலில் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஒவ்வொரு சாக்காக எடுத்து உதறினேன். ஓர் ஆணி கையைக் கிழித்தது.

“அங்கன தேடாத. அங்கன இல்ல.”

திரும்பினேன். அண்ணனின் மனைவி. கல்யாணமாகி வந்த முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னோடு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எங்கள் வீட்டோடு பேச அவருக்கு அனுமதி கிடையாது. பட்டுச்சேலையில், கையில் கரண்டியோடு சமையல் கொட்டகையிலிருந்து வந்து நின்றிருந்தார்.

“என் பொறத்தால வா.”

சாமான் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தலையணை உறையை எடுத்தார். அதற்குள் இருந்தது. அம்மாவின் முப்பத்தொரு தையலும் அப்படியே இருந்தன.

“கொத்தனார்கிட்ட தூக்கிப் போடச் சொல்லிக் குடுத்தாவ. நான் அந்தாள்கிட்ட கேட்டு வாங்கி ஒளிச்சு வச்சேன்.”

“ஏன் மதினி?”

“எங்க அத்தை சொல்லிருக்காவ.” அவருடைய அத்தை என்றால் என் பெரியம்மா. “மாமா அன்னைக்குத் தூத்துக்குடியில இருந்து திரும்பி வந்து வீட்டைப் பொரட்டி எடுத்தாவளாம். ஒரு பொம்பள கோணி ஊசியை வச்சுக்கிட்டு என்னைத் திருப்பி அனுப்பிட்டாளேன்னு கத்தினாவளாம். அத்தை அடுக்களையில முந்தானையை வாய்ல அடைச்சுக்கிட்டுச் சிரிச்சாவளாம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து மாமா நினைச்சது நடக்காம வீட்டுக்கு வந்தது அன்னைக்குத்தானாம். சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. எனக்கு அந்தத் தையலை ஒருதரம் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்ததும் தூக்கிப் போட மனசு வரல.”

அப்பா வழிச் சொந்தத்தில் எங்களுக்கு ஆதரவாக ஒரு வாய்கூட இல்லை என்றே நானும் அம்மாவும் இத்தனை வருடம் நினைத்திருந்தோம். பெரியப்பா வீட்டு அடுக்களையில் இரண்டு தலைமுறையாக அம்மா பேசப்பட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் அப்போது தோன்றியது.

“முன்வாசல் வழியாவே போ,” என்றார் மதினி.

உறையை மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஹால் வழியாக வந்தேன். அண்ணன் போதகரோடு பேசிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார்.

“எங்கன இருந்து எடுத்த?”

“குப்பையில இருந்துதான்,” என்றேன். மதினியைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

“குப்பையில இல்ல.” மதினி எனக்குப் பின்னாலேயே வந்திருந்தார். “நான் எடுத்து வச்சிருந்தேன். நான்தான் குடுத்தேன்.”

ஹாலில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். போதகர் வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“உள்ள போளா,” என்றார் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“போக மாட்டேன். பந்தி நடக்கு, வந்தவங்களை யாரு கவனிக்கிறது? நீங்களும் வாங்க, ஐயாவையும் கூட்டிட்டு வாங்க, இலை போட்டாச்சு.” பிறகு மதினி என் பக்கம் திரும்பினார். “நீயும் சாப்பிட்டுத்தான் போகணும்.”

சாப்பிட்டேன். முதல் வரிசையில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து, உறையை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். மதினியே பிரியாணி வைத்தார், இரண்டாம் முறையும் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அது என்னது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். அவர் எழுந்துபோய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து காதில் சொன்னார். பந்தி முடிவதற்குள் பந்தலில் பாதிப் பேருக்குக் கதை தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் உறையைக் காட்டி, ‘தோல் உறையும் பெறப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் உறையை வாங்கி, விரலால் தையலை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “முப்பத்தொண்ணு,” என்று முத்திரை குத்தினார்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மதினி பேசுகிறார். பிரதிஷ்டைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரிய சண்டை நடந்ததாகவும், தான் மூன்று நாள் யாருக்கும் சமைக்கவில்லை என்றும் சொன்னார். இப்போது மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் பஸ் ஏறித் தூத்துக்குடி வருகிறார். நாங்கள் இருவரும் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அவருக்குப் பேச நிறைய இருக்கிறது.

இந்த மாதிரிக் கத்திக்கு உரிமம் வேண்டுமா, வேண்டாமா என்று எழுதிக் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து வைத்தேன். இனி யாரும் அதைச் சாக்காக வைத்து என் வாசலில் வந்து நிற்கக் கூடாது. ஒரு வருடம் தாண்டிவிட்டது, பதில் வரவில்லை. அவ்வப்போது போய்க் கேட்கிறேன். போன முறை அந்தப் பிரிவில் இருந்த இளைஞர் கோப்பைத் தேடி எடுத்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

“இதை மியூசியத்துக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாமே மேடம்?”

“நான் நிம்மதியாத்தான் இருக்கேன் தம்பி. நீங்க பதில் குடுங்க,” என்றேன்.

அவர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னார். சொன்னதை எழுதித் தரச் சொன்னேன்.